யாரும் தோற்கக் கூடாத விளையாட்டு

விளையாட்டில் யாரும் தோற்கக் கூடாது என்று மாத்துர் மேடம் சொன்னபோது, வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். மேஜையைச் சுற்றி இருந்த வேறு யாரும் சிரிக்கவில்லை. என் முதலாளி பாலு மேஜைக்கடியில் என் காலை மிதித்தார்.

நான் கேம் டிசைனர். இந்த வேலைக்கு இப்படி ஒரு பெயர் வருவதற்கு முன்பிருந்தே இதைச் செய்கிறேன். முதலில் பள்ளிக்கூடங்களுக்கு சி.டி.யில் கணக்குப் புதிர்கள். பிறகு வங்கி ஊழியர்களின் பயிற்சிக்கு விளையாட்டுகள். அப்பா மத்திய அரசு வேலையில் திருநெல்வேலியிலிருந்து டெல்லிக்கு வந்தவர். நான் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணி கேம் செய்கிறேன் என்று சொன்னால், இங்கே பலர் தாழ்ந்த குரலில் ‘ரம்மியா?’ என்று கேட்பார்கள். ‘சீரியஸ் கேம்’ என்று விளக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். சிரித்துக்கொண்டே விளையாடும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்க வைப்பதுதான் அது. அவ்வளவுதான். ஆனால் அதைச் செய்துகாட்டுவது எவ்வளவு பாடு என்பதை இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

மேடத்தின் நிபந்தனைகள்

தெற்கு டெல்லியில் ஒரு பழைய பாவ்லி இருக்கிறது. பாவ்லி என்றால் படிக்கிணறு. ஒரு கட்டடத்தையே தலைகீழாகப் பூமிக்குள் இறக்கியதுபோல, அடுக்கடுக்காகப் படிகளும் வளைவுகளும் கீழே போய்க்கொண்டிருக்கும். வருகிறவர்கள் மேல்படியில் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள், யாரும் கிணற்றைப் பார்ப்பதில்லை என்பது அதைப் பராமரிக்கும் அறக்கட்டளையின் கவலை. அங்கே அதிகாரியாக இருந்தவர்தான் மாத்துர் மேடம். ஒரு மொபைல் விளையாட்டு செய்துகொடுங்கள், மக்கள் கிணற்றோடு ஒன்ற வேண்டும் என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

தோற்கக் கூடாது என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. வேறொரு இடத்தில் இப்படி ஒரு விளையாட்டு வைத்தபோது, தோற்ற பிள்ளை அழுதிருக்கிறது. பிள்ளையின் அப்பா மேலிடத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறார். புகாருக்குப் பதில் எழுதியதிலேயே மேடத்தின் ஒரு வேனிற்காலம் போய்விட்டதாம்.

நிபந்தனைகள் அதோடு முடியவில்லை. விளையாட்டில் யாரும் சாகக் கூடாது. ராஜாக்கள் சண்டை போடக் கூடாது. நான் முதலில் எழுதிக்கொண்டு போன கதையில், பயணிகள் கூட்டம் ஒன்று தாகத்தோடு பாவ்லியைத் தேடி வரும். மேடம் அதைப் படித்துவிட்டு, தாகம் வேண்டாம் என்றார். டெல்லியில் கோடையில் தண்ணீர்ப் பிரச்சினை வரும், நாம் அதைக் கிண்டல் செய்வதாக யாராவது சொல்லுவார்கள் என்றார். தாகமில்லாமல் கிணற்றுக்கு ஏன் வருவார்கள் என்று கேட்டேன். சுற்றிப் பார்க்க வரட்டும் என்றார்.

பாலு எல்லாவற்றுக்கும் சரி சொன்னார். பாலு கரோல் பாகில் பிறந்து வளர்ந்த தமிழர். என்னைவிட வயதில் இளையவர். தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. ‘இல்லை’ என்ற சொல்லை அவர் எந்த மொழியிலும் கற்றுக்கொள்ளவில்லை. வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்:

“வசந்தா ஜி, டென்ஷனே வேண்டாம். நாம த்ரீ-டில ஒரு பாவ்லி கட்டிடலாம். தண்ணி ஃபுல்லா இருக்கும். பக்கத்துல ஒரு ஹாத்தி, யானை, நிக்கட்டும். எல்லாரும் ஜெயிச்சிட்டுக் குஷியா வீட்டுக்குப் போவாங்க, அவ்ளோதான்.”

சமோசா சாப்பிட்டு ஜெயித்தவர்

த்ரீ-டி பாவ்லி பிரமாதமாக வந்தது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் பையன்கள் ஒவ்வொரு கல்லையும் படமெடுத்து, அப்படியே போனுக்குள் இறக்கிவிட்டார்கள். யானை தும்பிக்கையால் தண்ணீர் இறைத்தது. விளையாடுகிறவர் போனுக்குள் இருக்கும் படிகளில் இறங்கி, அங்கங்கே ஒளிந்திருக்கும் விளக்குகளைத் தொட வேண்டும். தொட்டால் பாவ்லியைப் பற்றி ஒரு தகவல் வரும்.

சோதனை ஆட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவ்லியிலேயே நின்று, வந்தவர்களிடம் போனைக் கொடுத்தோம். எல்லாரும் ஆர்வமாக வாங்கிக்கொண்டார்கள். நான் ஓரமாக நின்று பார்த்தேன். யாரும் குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு பெரியவர் முழு ஆட்டத்தையும் பாவ்லிக்கு முதுகைக் காட்டிக்கொண்டே ஆடினார், வெயில் திரையில் படுகிறது என்று. ஒரு குடும்பம், காரில் ஏ.சி. போட்டு உட்கார்ந்து விளையாடலாமா என்று அனுமதி கேட்டது. இன்னொருவர் போனை நீட்டிப் பிடித்து, அதற்குப் பின்னால் இருந்த உண்மையான பாவ்லியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அப்படியே அசல் மாதிரி இருக்கிறது என்று பாராட்டினார். எந்தப் பக்கத்தை அசல் என்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு கல்லூரி மாணவர் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். திருடிவிட்டாரோ என்று நான் பின்னாலேயே போனேன். அவர் வாசலில் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாப்பிட்டு முடிப்பதற்குள் அவர் பையிலிருந்து பட்டாசுச் சத்தமும் ஷெனாயும் கேட்டன. நேரம் முடிந்தால் ஆடுகிறவர் ஜெயித்ததாக அறிவிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. யாரும் தோற்கக் கூடாதே. அவர் போனை எடுத்துப் பார்த்தார். ‘வாழ்த்துகள்! நீங்கள் பாரம்பரியத்தின் காவலர்’ என்று இந்தியில் வந்திருந்தது. அவருக்குச் சந்தோஷம். பாதிச் சமோசாவை எனக்கு நீட்டினார்.

மறுநாள் இதையெல்லாம் மாத்துர் மேடத்திடம் சொன்னோம். எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்று கேட்டார். எல்லாரும் என்றேன். அப்படியானால் நல்ல விளையாட்டுதானே என்றார்.

நான் வேறொரு விளையாட்டை யோசித்துக்கொண்டு போயிருந்தேன். அதில் போன் திரை கறுப்பாகவே இருக்கும். குரலில் ஒரு கேள்வி மட்டும் வரும். இந்தச் சுவரில் உள்ள வளைவுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல இல்லை, எது? கயிறு உரசி உரசித் தேய்ந்த தடம் எங்கே இருக்கிறது? அந்தக் காலத்துக் கல்தச்சர்கள் தாங்கள் செதுக்கிய கல்லில் ஒரு சின்னக் குறி பொறித்துவைப்பார்கள். இங்கே ஒரு கல்லில் மீன் குறி இருக்கிறது, கண்டுபிடிக்க முடியுமா? இரண்டு அணி. முதலில் கண்டுபிடித்த அணிக்குப் புள்ளி. மற்ற அணி தோற்றது.

கடைசி வார்த்தையைக் கேட்டதும் மேடம் பேனாவை மூடி வைத்துவிட்டார். திறப்பு விழாவுக்கு, இதற்குப் பணம் தரும் துறையின் செயலாளர் வருகிறார், யானையே இருக்கட்டும் என்றார். செயலாளருக்குப் பிடிக்காவிட்டால் திட்டம் நின்றுவிடும் என்பதையும் மென்மையாகச் சொல்லிவைத்தார். எங்கள் கம்பெனியில் அப்போது வேறு வேலை கையில் இல்லை. திட்டம் நின்றால் பையன்களில் பாதிப் பேரை அனுப்ப வேண்டியிருக்கும். நானும் யானைக்குச் சம்மதித்தேன்.

மக்கள் பங்கேற்பு

விழாவுக்கு மேடம் இன்னொன்று கேட்டார்: மக்கள் பங்கேற்பு. செயலாளரோடு படத்தில் நிற்கச் சாதாரண மக்கள் சிலர் வேண்டும். ஏற்பாடு செய்வது என் தலையில் விழுந்தது.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் செல்வியைக் கேட்டேன். செல்விக்கு விழுப்புரம் பக்கம். ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதி இருந்தவரை அங்கேதான் இருந்தாள். அதை இடித்தபோது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். சிலருக்கு நரேலாவில் வீடு கிடைத்தது. அது டெல்லியின் மறுகோடி. செல்வி வேலையை விட மனமில்லாமல் ஜங்புராவிலேயே ஓர் அறை பிடித்துத் தங்கிவிட்டாள். வாயாடி. காய்கறிக்காரரில் தொடங்கி எங்கள் காலனிச் செயலாளர்வரை அவளிடம் வாதாடி ஜெயித்தவர் கிடையாது.

பாரம்பரியம், கிணறு என்று நான் விளக்கியதை அவள் காதில் வாங்கவே இல்லை.

“நரேலா ஆளுங்களையும் கூட்டியாரலாமாக்கா? வண்டி அனுப்புவீங்களா?”

அனுப்புவோம் என்றேன். அப்படியானால் வருகிறோம் என்றாள். மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டாள். ஒருத்தி அவளுடைய நாத்தனார். மற்ற இருவரும் பழைய பக்கத்து வீட்டுப் பெண்கள். வீடு மாறிய பிறகு நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து பேசவே இல்லையாம்.

திறப்பு விழா

செயலாளர் தங்கராஜ் சார் மதுரைக்காரர் என்பது அவர் காரிலிருந்து இறங்கி மனைவியிடம் பேசியபோதுதான் எனக்குத் தெரிந்தது. மனைவி பெயர் சுமதி. அவருக்கு இந்த விழாவில் துளியும் ஆர்வமில்லை. திரும்பும் வழியில் சாணக்யபுரியில் தமிழ்நாட்டு விருந்தினர் இல்லத்தில் இட்லி சாப்பிடலாம் என்று சொல்லிக் கணவர் கூட்டி வந்திருக்கிறார்.

ரிப்பன் வெட்டியாயிற்று. எல்லாரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினோம். பாலு பயபக்தியோடு செயலாளர் கையில் போனைக் கொடுத்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சோதனையெல்லாம் நாங்கள் மேல்தளத்தில்தான் செய்திருந்தோம். பூமிக்குள் அவ்வளவு ஆழத்தில், அவ்வளவு தடித்த கற்களுக்கு நடுவில், எந்தக் கம்பெனி சிக்னலும் எட்டவில்லை. பாலு போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு படிகளில் ஏறி இறங்கினார். அவர் நெற்றியில் வேர்வை ஓடியது. மாத்துர் மேடம் என்னைப் பார்த்த பார்வையில், வேனிற்காலம் மறுபடி தொடங்கியிருந்தது.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கிளம்பிவிட்டால் எல்லாம் முடிந்தது. எனக்கு அப்போது வேறு வழி தோன்றவில்லை. இந்த விளையாட்டுக்குப் போன் தேவையில்லை சார், நானே கேள்வி கேட்கிறேன், இரண்டு அணியாகப் பிரியுங்கள் என்று சொல்லிவிட்டேன். மேடம் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் செயலாளர் தன் அலுவலர்களை ஒரு பக்கம் அழைத்துக்கொண்டார். செல்வி கூட்டம் மறுபக்கம். நான்கு பேருக்கு ஐந்து பேர் என்று கணக்கு இடித்ததால், சுமதி அம்மாளை நடுவில் நிற்க வைக்காமல் செல்வி கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

முதல் கேள்வி வளைவு. செயலாளர் அணி கண்டுபிடித்தது. அவர் முகத்தில் ஒரு சின்னப் புன்னகை. இரண்டாவது, கயிற்றுத் தடம். செல்வியின் நாத்தனார் செயலாளரின் உதவியாளர் பின்னாலேயே நடந்துபோய், அவர் குனிந்த இடத்தில் “இதோ இருக்குது” என்று முதலில் கத்திவிட்டாள். விதிப்படி முதலில் சொன்னவருக்குப் புள்ளி. செயலாளர் தன் உதவியாளரை ஒரு பார்வை பார்த்தார். புன்னகை போய்விட்டது. கோட்டைக் கழற்றி உதவியாளர் கையில் கொடுத்தார்.

மூன்றாவது மீன் குறி. செயலாளர் அணி சுவரை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக்கொண்டு தேடியது. செல்வி அணி கொஞ்ச நேரம் தேடிவிட்டு அலுத்துப்போய், நிழலாக இருந்த ஒரு படியில் உட்கார்ந்துவிட்டது. நரேலாவில் தண்ணீர் எப்படி, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், யார் மகளுக்குக் கல்யாணம் கூடியது என்று பேச்சு ஆரம்பித்தது. சுமதி அம்மாளும் ஆர்வமாகக் கதை கேட்டுக்கொண்டிருந்தார். செயலாளர் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனார். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார். மண்டியிட்டுக்கூடப் பார்த்தார்.

திடீரென்று அந்தப் பக்கம் பேச்சு நின்றது. சுமதி அம்மாள் கைப்பையை எடுக்கத் திரும்பியவர், தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கல்லையே பார்த்தார். செல்வியும் பார்த்தாள். விரல் நீளத்தில் ஒரு மீன். ஆனால் செல்வி கத்தவில்லை. மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினாள். ஐந்து பேரும் எழுந்து, தோளோடு தோள் நெருங்கி, கல்லை மறைத்துக்கொண்டு நின்றார்கள். விட்ட இடத்திலிருந்து கல்யாணப் பேச்சு தொடர்ந்தது.

செயலாளர் அவர்களைத் தாண்டிப் போனார். திரும்பி வந்து மறுபடியும் தாண்டிப் போனார். மூன்றாம் முறை வந்தபோது சுமதி அம்மாளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பெண்கள் விலகினார்கள். செல்வி கல்லைக் காட்டினாள்.

“என்னம்மா இது, மறைச்சுக்கிட்டு நின்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது? இது அநியாயம்ல,” என்றார் செயலாளர். தமிழ் தானாக வந்துவிட்டது.

“மறைக்கக் கூடாதுன்னு அக்கா ஒண்ணும் சொல்லலியே சார். சொன்னாங்களா? நீங்களே கேளுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாத்துர் மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என்ன நடக்கிறது என்பது முகங்களிலேயே தெரிந்தது. செயலாளர் ஜெயித்தார் என்று சொல்லிவிடும்படி மேடம் கண்ணாலேயே கெஞ்சினார். பாலு கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். பையன்களின் வேலை என் கண்முன்னால் வந்தது. ஆனால் இப்போது பொய்த்தீர்ப்பு சொன்னால், செல்வி அதை அங்கேயே பத்துப் பேர் முன்னால் உடைப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அதைவிட, அது ஆட்டத்துக்குச் செய்யும் துரோகம்.

“அப்படி விதி இல்லை சார். அவங்க ஜெயிச்சாங்க,” என்றேன்.

சுமதி அம்மாள், “ஏங்க, தோத்தா தோத்ததுதான். வாங்க, இட்லி ஆறிடும்,” என்றார்.

செயலாளர் வரவில்லை. மறைக்கக் கூடாது என்று ஒரு விதி சேருங்கள், இன்னொரு ஆட்டம் ஆடலாம் என்றார். எனக்குக் கேள்வி தீர்ந்துபோயிருந்தது. கிடைத்ததையெல்லாம் வைத்துப் புதுக் கேள்வி கட்டினேன். இரண்டாவது ஆட்டமும் ஆடினார்கள். அதிலும் அவர் தோற்றார். இந்த முறை நேர்மையாக.

ஆய்வுக் கூட்டம்

அடுத்த வாரம் செயலாளர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. மாத்துர் மேடமும் எங்களோடு காரில் வந்தார். பாலு யானையை இன்னும் பெரிதாக்கிக் கொண்டுவந்திருந்தார்.

கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். செயலாளர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நேராக பாவ்லியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கிழக்குச் சுவரில் கீழ்வரிசைக் கற்கள் மேல்வரிசைக் கற்களைவிடப் பெரியவை என்றார். ஒரு மூலையில் கல்லின் நிறம் மாறுகிறது, பின்னால் பழுதுபார்த்திருப்பார்களோ என்று கேட்டார். அம்புபோல ஒரு குறி, முக்கோணமாக ஒரு குறி, பாதியில் விட்ட ஒரு பூ, எல்லாம் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன என்று கையால் காற்றில் காட்டினார். தண்ணீர் ஒரு காலத்தில் நின்ற மட்டம் சுவரில் கோடாகத் தெரிகிறது, அதைப் பற்றி ஏன் கேள்வி இல்லை என்றார். மாத்துர் மேடம் ஆண்டுக்கணக்கில் அந்தப் பாவ்லியைப் பராமரிப்பவர். அவர் குறிப்பெடுக்கத் தொடங்கியதைப் பார்த்தேன்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்றைக்கு மீனைக் கண்டுபிடித்து ஜெயித்தவர்கள் ஒரே ஒரு கல்லைத்தான் பார்த்தார்கள்; அதுவும் கைப்பையை எடுக்கத் திரும்பியபோது. மீன் கிடைக்காமல் சுவர் முழுவதையும் அலசியவர் தோற்ற மனிதர்தான். மீன் இல்லாத ஒவ்வொரு கல்லையும் அவர் பார்த்திருக்கிறார்.

திட்டம் தொடர்ந்தது. யானை போயிற்று, பாலு இரண்டு நாள் துக்கம் காத்தார். கேள்விகளைப் போனிலேயே சேமித்து வைத்துவிட்டதால் சிக்னல் தேவைப்படவில்லை. தோல்வி என்ற சொல் மட்டும் கோப்பில் வரக் கூடாது என்பதில் மாத்துர் மேடம் கடைசிவரை உறுதியாக இருந்தார். அதனால் இன்றைக்கும் அங்கே தோற்ற அணியின் பெயர் ‘மறுவருகைக்கு அழைக்கப்பட்டோர்’. அந்தப் பெயரை வைத்தபோது மேடம் சிரிக்கவில்லை. ஆனால் அவர்கள் உண்மையிலேயே மறுபடியும் வருகிறார்கள்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக் கூடியது ஒன்றுதான். பழைய இடங்களுக்காக விளையாட்டு செய்யும்போது, ஜெயிப்பவருக்கு என்ன பரிசு என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். தோற்கப்போகிறவர் தேடும்போது அவர் கண்ணில் என்னென்ன படும் என்று முதலில் யோசியுங்கள். அந்த இடத்தை முழுதாகப் பார்க்கப்போகிறவர் அவர்தான்.